மட்டக்களப்பில் ரூம் எடுக்கப் போகிறீர்களா? காசு அனுப்பும் முன் இதை வாசியுங்கள்

தம்பியின் கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சொந்தக்காரரைத் தங்க வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சொந்த ஊரில் யார் ரூம் எடுத்துத் தங்குவார்கள்? அதனால் இங்கே எந்த இடம் நல்லது, எது மோசம் என்று எனக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. போனில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. படத்தில் கண்ட கட்டில் வேறு, ரூமில் கிடந்த கட்டில் வேறு. ஓரிடத்தில் கரண்ட் போனதும் ஏசி நின்றுவிட, பெரியம்மா விடியும்வரை பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு இதே பாட்டைப் பட வேண்டாம் என்றுதான் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கலியாணம், ஆஸ்பத்திரி, பிள்ளையைக் கம்பஸில் விடுவது, கோயில், கடல் என்று எதற்காக வந்தாலும் இது பொருந்தும்.

1. எந்தப் பக்கம் தங்குவது?

மட்டக்களப்பு என்று போட்டுத் தேடினால் பாசிக்குடாவும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். நகரத்தில் காலை 6 மணி முகூர்த்தத்துக்குப் பாசிக்குடாவில் ரூம் எடுத்தவர்கள் 3 மணிக்கே எழும்பிச் சேலை உடுத்த வேண்டி வரும். கடலுக்காக வருபவர்கள் மட்டும் அங்கே போங்கள்.

போதனா வைத்தியசாலை, பஸ் நிலையம், கடைத்தெருப் பக்கம் வேலை என்றால் நகரத்துக்குள் தங்குவதுதான் வசதி. ரூம் சின்னதாக இருக்கலாம், வாகனச் சத்தம் இருக்கும், ஆனால் இரவு 9 மணிக்கு மருந்து வாங்க நடந்தே போகலாம். காற்றும் கொஞ்சம் அமைதியும் வேண்டுமென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லடி. அங்கிருந்து நகரத்துக்கு ஓட்டோவில் சில நிமிடம்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வளாகம் இருப்பது வந்தாறுமூலையில், நகரத்திலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குப் போகும் வீதியில். கல்லடியில் தங்கினால் நகரம் முழுவதையும் கடந்து போக வேண்டும்.

அறுகம்பே அம்பாறை மாவட்டம், பொத்துவில் பக்கம். மட்டக்களப்பிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். “அப்படியே அங்கேயும் ஒரு எட்டுப் போய் வருவோம்” என்று திட்டம் போடாதீர்கள். போனால் ஓர் இரவாவது தங்குங்கள்.

2. எந்த மாதம் வருகிறீர்கள்?

மே முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாவில் கடல் அமைதி, அறுகம்பேயில் அலைச்சறுக்குச் சீசன். விலையும் அதற்கேற்ப ஏறும். அறுகம்பேயில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடைசி நேரத்தில் கேட்டால் மிஞ்சியதுதான் கிடைக்கும். இதே மாதங்களில்தான் கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும். வெக்கையை அறியாதவர்கள் காசை மிச்சம் பிடிக்க ஃபேன் ரூம் எடுத்துவிட்டு, முதல் நாள் பின்னேரமே ஏசிக்கு மாறக் கேட்பார்கள். அப்போது பேரம் பேச முடியாது.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. ரூம் மலிவு, ஆனால் பள்ளமான ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். “மழைக்கு ஒழுங்கையில் தண்ணி நிக்குமா?” என்று நேரே கேளுங்கள். உள்ளூர்க்காரர் பொய் சொல்ல மாட்டார், கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார். மழைக்காலத்தில் அறுகம்பேயில் பல இடங்கள் கதவைச் சாத்திவிடும்.

ஆடி அமாவாசையைத் தனியாகக் குறித்து வையுங்கள். மாமாங்கம், திருக்கோவில் கோயில்களின் தீர்த்தம் அன்றுதான். சித்திரை வருடப் பிறப்பு, வெள்ளி அல்லது திங்களில் வரும் போயா, பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களுக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே ரூமைப் பிடித்துவிடுங்கள்.

3. போனில் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். நான் பார்த்த சிக்கல்களில் அரைவாசிக்கு மேல் இங்கேயே தீர்ந்திருக்கும்.

விலை. “எல்லாம் சேர்த்து, கடைசியாக நான் கட்டுவது எவ்வளவு?” என்று கேளுங்கள். பெரிய இடங்களில் சொல்லும் விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் வரும். 10,000 ரூபா ரூம் என்றால் கையிலிருந்து போவது குறைந்தது 12,800. இரண்டு ரூம், மூன்று இரவு என்று பெருக்கிப் பாருங்கள், துண்டு விழும் தொகை தெரியும். சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் எல்லாம் வற் வரிக்குப் பதிந்தவை அல்ல. வற் என்று போட்டுக் காசு கேட்டால் பில்லில் பதிவிலக்கம் இருக்க வேண்டும்.

யாருக்கான விலை. பல ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இன்னொரு விலை. கனடாக் கடவுச்சீட்டோடு வரும் சித்தப்பா மட்டக்களப்பில் பிறந்தவர்தான், ஆனால் வரவேற்பு மேசையில் அவர் வெளிநாட்டவர். நீங்கள் தமிழில் பேசிப் பிடித்த ரூமுக்கு அவர் வந்து நின்றதும் விலை மாறினால் அங்கே ஒரு சண்டை நடக்கும். எத்தனை பேர், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று முன்கூட்டியே சொல்லி விலை கேளுங்கள். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில இடங்களில் உள்நாட்டு விலை தருவார்கள்.

ஏசி. சின்ன இடங்களில் ஏசி ரூமும் ஏசி இல்லாத ரூமும் ஒரே ரூம்தான்! காசு கூடக் கட்டினால் ரிமோட்டைக் கையில் தருவார்கள், கட்டாவிட்டால் அது கவுண்டர் லாச்சிக்குள் இருக்கும். இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, விலையை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு மட்டுமா, முழு நாளுமா என்பதும் முக்கியம்.

ஜெனரேட்டர். “இருக்கு” என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். “கரண்ட் போனால் ஏசி வேலை செய்யுமா, லைட்டும் ஃபேனும் மட்டுமா? தண்ணி மோட்டர் ஓடுமா?” என்று கேளுங்கள். மோட்டர் ஓடாமல் மேல் தாங்கி காலியானால் எட்டுப் பேர் இருக்கும் மாடியில் காலை நேரம் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

தண்ணீர். குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? கடலுக்கும் வாவிக்கும் அருகில் பல கிணறுகள் சவர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். ஓரிரவுக்குச் சமாளிக்கலாம், கலியாண வீட்டுக்குச் சரிவராது.

ஹோல். அதே கட்டடத்தில் மண்டபம் இருக்கிறதா, நீங்கள் தங்கும் இரவு அங்கே வேறு கொண்டாட்டம் உண்டா? பக்கத்தில் கோயில் திருவிழா நடந்தால் விடியற்காலையே ஒலிபெருக்கி எழுப்பிவிடும். அதை ஹோட்டல்காரரால் நிறுத்த முடியாது, பின்பக்க ரூம் தர முடியும்.

மற்றவை சின்ன விஷயங்கள்: லிஃப்ட் உண்டா (முழங்கால் வருத்தக்காரருக்குக் கீழ்த்தளம்), எத்தனை வயது வரை பிள்ளைக்குக் காசில்லை, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, வான் பிடித்து வந்தால் சாரதி படுக்க இடமும் சாப்பாடும் உண்டா. சாரதியை இருக்கையில் படுக்கவிட்டு மறுநாள் அவரையே கொழும்புவரை ஓடச் சொல்வது உங்கள் உயிருக்குத்தான் ஆபத்து.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்புங்கள்: திகதி, எத்தனை ரூம், எத்தனை பேர், வரி சேர்த்த மொத்த விலை, காலைச் சாப்பாடு சேர்த்தா இல்லையா, ஏசி, ஜெனரேட்டர். “சரி” என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். வந்து இறங்கும்போது வரவேற்பு மேசையில் நிற்பவர் நீங்கள் பேசிய ஆளாக இருக்க மாட்டார். அந்த ஒரு சொல்தான் அப்போது கைகொடுக்கும்.

4. முற்பணம்

முதல் தடவை என்றால் முழுக்காசையும் அனுப்பாதீர்கள். ஓரிரவுக் காசு கேட்பது வழக்கம், நியாயமும் கூட. வங்கிக் கணக்கின் பெயர் ஹோட்டலின் பெயரா, தனியாளின் பெயரா என்று பாருங்கள். குடும்பமாக நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் உரிமையாளரின் பெயர் இருப்பது சாதாரணம். ஆனால் முகநூலில் மட்டும் கண்ட ஓர் இடத்துக்கு, யாரென்றே தெரியாத பெயரில் அனுப்ப வேண்டாம். ஊரில் தெரிந்த ஒருவரை அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மட்டக்களப்பில் யாருக்காவது ஒரு மச்சான் இல்லாமல் இருக்காது.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று கேளுங்கள். பதிந்தவர்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், படம் அனுப்பக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். அதில் திகதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பதியாத இடமெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அருமையாகக் கவனித்த ஒரு வீட்டில் அப்படி எந்தக் கடதாசியும் இல்லை. ஆனால் பிரச்சினை வந்தால் பதிந்த இடத்தின் மீது முறைப்பாடு செய்வது சுலபம்.

புக்கிங் டொட் கொம், அகோடா வழியாகப் போட்டால் ‘இலவசமாக இரத்துச் செய்யலாம்’ என்பதன் கீழே இருக்கும் திகதியைப் பாருங்கள். கலியாணத் திகதி தள்ளிப்போன அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

5. கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

தங்கும் பெரியவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டை கொண்டுவர வேண்டும், வீட்டுத் தலைவருடையது மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாப் பக்கமும். புக்கிங் கடதாசியும் முற்பணப் பற்றுச்சீட்டும் போனில் மட்டும் இல்லாமல் அச்சிலும் இருக்கட்டும். ஓட்டுநர் உரிமத்தைச் சில இடங்களில் ஏற்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல.

ஹோட்டல்காரர் விபரத்தைப் பதியலாம், நகல் எடுக்கலாம், படம் எடுக்கலாம். அட்டையையோ கடவுச்சீட்டையோ போகும்வரை வைத்திருக்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். “நகல் எடுத்துப் போட்டுத் தாங்க தம்பி, வழியில செக்கிங்ல கேட்டா நாங்க என்னத்தைக் காட்டுற?” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் தந்துவிடுவார்கள்.

6. வந்து சேரும் நேரம்

கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸில் ஏறினால் பெரும்பாலும் விடிவதற்கு முன்பே மட்டக்களப்பில் இறக்கிவிடுவார்கள். ரூம் கிடைப்பதோ பகல் 2 மணிக்கு. பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு பத்து மணித்தியாலம் எங்கே இருப்பது? மூன்று வழி உண்டு. முந்திய இரவுக்கும் சேர்த்து ரூம் எடுப்பது, செலவு கூடினாலும் வயதானவர்கள் இருந்தால் இதுதான். அல்லது அரைநாள் காசு கட்டிக் காலையிலேயே திறப்பு வாங்குவது, இதை முன்பே பேசி வையுங்கள். அதுவும் இல்லையென்றால் பெட்டிகளை வைக்கவும் முகம் கழுவவும் இடம் கேட்பது. இதற்குப் பெரும்பாலும் காசில்லை. காலையில் கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் உதயதேவிக் கோச்சியில் வந்தால் பின்னேரம் இறங்கி நேரே ரூமுக்குப் போகலாம்.

கோச்சியடியிலோ பஸ் நிலையத்திலோ ஓட்டோக்காரர், “அந்த இடம் மூடிட்டாங்க, நல்ல இடம் ஒண்டு இருக்கு, காட்டுறன்” என்று சொன்னால், ஏறும் முன் ஹோட்டலுக்கு ஒரு கோல் போடுங்கள். ஆள் கொண்டுபோய் விட்டால் கமிஷன் உண்டு. அது உங்கள் பில்லில்தான் ஏறும்.

அறுகம்பேக்கு வாகனத்தில் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க: மொனராகலைப் பக்கமாக வந்தால் சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் இடையே லகுகல காடு. பொழுதுபட்டால் வீதியில் யானை நிற்கும். ஐந்து மணிக்குள் பொத்துவிலைப் பிடிக்கிற மாதிரிப் புறப்படுங்கள். அதற்குத் தெற்கே பாணமை, உகந்தைப் பக்கமும் இருட்டிய பிறகு வேண்டாம்.

7. பையை உள்ளே வைக்கும் முன்

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே “ஒருக்கா ரூமைப் பார்த்திட்டு வாறம்” என்று கேளுங்கள். பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள். பெட்டி ரூமுக்குள் போய்விட்டால் மாற்றித் தர மனம் வராது, உங்களுக்கும் கேட்க மனம் வராது.

முதலில் கதவு. உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டு, கைபிடியைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் இரும்பு நின்று பிடிக்காது. நாங்கள் எடுத்த ஒரு ரூமில் தாழ்ப்பாள் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. அதை நிலையோடு பிடித்திருந்த நாலு ஆணியில் இரண்டு துருவேறித் தலையில்லாமல் நின்றன. தோளால் தள்ளினாலே கையோடு வந்திருக்கும். ரூம் பையன் உடனே ஸ்க்ரூ ட்ரைவரோடு வந்தது நல்ல விஷயம், ஆனால் கேட்டதால்தான் வந்தான். பல்கனிக் கதவையும் கீழ்த்தளக் குளியலறை யன்னலையும் இதே மாதிரிப் பாருங்கள். பெண்கள் தனியாக வந்தால் மாடி ரூம் கேளுங்கள். கதவுக்குக் கீழே செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று பையில் இருந்தால் இன்னும் நிம்மதி.

அடுத்து வெளியேறும் வழி. யன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருக்கும், கள்ளனுக்கு அது நல்லது, தீ பிடித்தால் நமக்குக் கெட்டது. படிக்கட்டு ஒன்றா இரண்டா? இரவில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டால் திறப்பு யாரிடம், அவர் எங்கே படுப்பார்? “கேட்டுத் திறப்பு வாச்சர் ஐயாட்ட” என்றால் அவருடைய போன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா என்பதை நடந்தபடியே பார்த்துவிடலாம்.

குளியலறையில் சுடுதண்ணி ஹீட்டர் இருந்தால் கட்டடத்துக்கு ட்ரிப் ஸ்விட்ச் (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்துவது) இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் டி என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அமத்தினால் கரண்ட் போக வேண்டும். அமத்திக் காட்டச் சொல்லலாம். மனேஜர் முறைத்தாலும் பரவாயில்லை. அவர் மறுத்தாலோ, ஹீட்டரிலிருந்து வயர் வெளியே தொங்கினாலோ பச்சைத் தண்ணியில் குளியுங்கள், இந்த ஊர் வெக்கைக்கு அதுவே சுகம்.

தண்ணீரை வாளியில் இரண்டு நிமிடம் திறந்து விடுங்கள். முதலில் செம்மஞ்சளாக வந்து பிறகு தெளிந்தால் பயமில்லை. தெளியவே இல்லையென்றால் வேறு ரூம். ஏசியைப் போட்டுவிட்டு அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைமாட்டில் நீர்க்கறை தெரிந்தால் நள்ளிரவில் நெற்றியில் சொட்டும். விரிப்பை ஒரு மூலையில் தூக்கி மெத்தைத் தையலைப் பாருங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் கறுப்புப் புள்ளி தெரியும். பல்லியைக் கண்டு ரூம் மாற்றக் கேட்காதீர்கள், எல்லா ரூமிலும் இருக்கும்.

நுளம்பு வலையை இறக்கிப் பார்த்து ஓட்டை இருந்தால் மாற்றக் கேளுங்கள். வாவிப் பக்கத்து ரூமுக்கு ஆறு மணிக்கு முன் யன்னலைச் சாத்தினால் இரவு நித்திரை உண்டு. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால், பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும்.

உடைந்த கண்ணாடி, கறை பிடித்த துவாய், வெடித்த பேசின் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வரவேற்பு மேசைக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். போகும்போது உங்கள் தலையில் கட்ட மாட்டார்கள்.

8. தங்கியிருக்கும்போது

சாப்பாட்டை முந்திய இரவே சொல்லிவிடுங்கள். இடியப்பம், சம்பல், சொதி என்றால் குசினிக்கு ஆள் விடியற்காலை வர வேண்டும். சொல்லாமல் போனால் பாணும் முட்டையும்தான். சைவக்காரர், “மீன் போடாத கறி” என்று சொன்னால் மட்டும் போதாது. சம்பலில் மாசி இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாசிக்குடாப் பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் வரவேற்பில் சிங்களமோ ஆங்கிலமோதான் ஓடும். அறையைத் துடைக்க வருபவர், தோட்டக்காரர், குசினியில் நிற்பவர் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அவசரத்தில் அவர்கள்தான் உதவுவார்கள். வந்த அன்றே பெயரைக் கேட்டு ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.

கலியாண நகையை ரூமில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அலுமாரிக்குப் பூட்டு இருந்தாலும் சரி. ஊரில் நம்பிக்கையான வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

கடல். பாசிக்குடாவில் தூரம்வரை ஆழம் குறைவு, பிள்ளைகளோடு இறங்கலாம். அதை நினைத்துக் கல்லடியில் இறங்காதீர்கள். அது திறந்த கடல், கரையிலேயே இழுக்கும், பார்த்து ரசிப்பதோடு சரி. பொத்துவில், பாணமைப் பக்கக் களப்புகளில் முதலை உண்டு. ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் காவலுக்கு ஆள் இல்லாமல் இருப்பது சாதாரணம், ஆழத்தை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கரையோரம் தங்குபவர்கள், 2004 சுனாமிக்குப் பிறகு இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: கடல் எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் போவது? கல்லடி, நாவலடிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. மேல்மாடிக்கும் மொட்டைமாடிக்கும் போகும் கதவு இரவில் திறந்திருக்குமா என்று கேட்டு வையுங்கள்.

9. பில்லும் முறைப்பாடும்

போகிற காலையில் பில் கேட்காதீர்கள். முந்திய இரவே கேட்டு, ஆறுதலாக இருந்து பாருங்கள். குடிக்காத தண்ணீர்ப் போத்தல், வேறு ரூமின் சாப்பாடு, முற்பணத்தைக் கழிக்காமல் விட்டது, இவைதான் வழக்கமாக நுழையும். பஸ்ஸைப் பிடிக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது யாராலும் கணக்குப் பார்க்க முடியாது. வங்கி அட்டையில் கட்டினால் கூடுதலாக ஏதும் எடுப்பார்களா என்றும் அந்த இரவே கேளுங்கள்.

குறை இருந்தால் முதலில் மனேஜரிடம், முடிந்தால் உரிமையாளரிடம், சத்தம் போடாமல். எங்களுக்கு ஏசி இல்லாத இரவுக்கான காசு அப்படித்தான் கழிந்தது. வட்ஸ்அப்பில் ஜெனரேட்டர் பற்றி அவர்களே எழுதியிருந்ததைக் காட்டியதும் பேச்சு முடிந்தது. அங்கே தீராவிட்டால் சுற்றுலா அதிகார சபையின் 1912. காசு விஷயத்தில் ஏமாற்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. களவு, தொந்தரவு என்றால் பொலிஸ் 119. நோயாளிக்கு 1990, அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. வெள்ளம், புயல், கடல் எச்சரிக்கைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் போனில் இவற்றை நீங்களே பதிந்து கொடுங்கள். அவர்கள் பழக்கதோஷத்தில் 911தான் அடிப்பார்கள்.